முதுமையில் மூளை ஸ்கேன்: ரிப்போர்ட்டை வரி வரியாகப் படிக்க

அறுபதைத் தாண்டியவருக்குத் தலையில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ரிப்போர்ட் வெறுமையாக வருவது அபூர்வம். நெதர்லாந்தில் நடந்த ராட்டர்டாம் ஸ்கேன் ஆய்வில் 60 முதல் 90 வயது வரையுள்ள ஆயிரத்துச் சொச்சம் பேரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் வெள்ளைப் பகுதியில் எந்த மாற்றமும் இல்லாதவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். ஆகவே வீட்டுப் பெரியவரின் ரிப்போர்ட்டில் நான்கைந்து பெரிய வார்த்தைகள் இருக்கத்தான் செய்யும். எதற்கு இன்றே ஓட வேண்டும், எது இப்போதைய தொல்லைக்குக் காரணம், எதை அப்படியே விட்டுவிடலாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கலக்கம் தீர்ந்துவிடும்.

பல வீடுகளில் பயம் தப்பான வரியில் போய் நிற்கிறது. ‘செரிப்ரல் அட்ரோஃபி’ என்று பார்த்ததும் ‘மூளை சுருங்கிப் போச்சாம்’ என்று வீடே கலங்கிவிடுகிறது. அதற்கு அடுத்த வரியில் ‘குரோனிக் ஸ்மால் வெஸல் இஸ்கீமிக் சேஞ்சஸ்’ என்று இருக்கும்; அதைப் பற்றி யாரும் டாக்டரிடம் கேட்பதில்லை. சுருக்கத்துக்கு நேரடி மருந்து கிடையாது. சிறு ரத்தக்குழாய்ச் சேதத்தின் வேகத்தைக் குறைக்க நாளைக் காலையிலிருந்தே வழி இருக்கிறது.

மேலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் நேராகக் கடைசியில் உள்ள ‘இம்ப்ரெஷன்’ பகுதிக்குத்தான் போகிறோம். அதற்கு முன் ரிப்போர்ட்டின் தலைப்பகுதியில் ஒரு நிமிடம் செலவழியுங்கள். பெயர், வயது, தேதி சரியா? ஒரே நாளில் பல பேருக்கு ஸ்கேன் எடுக்கும் இடங்களில் உறை மாறிப்போவது உண்டு.

அடுத்து ‘கிளினிக்கல் ஹிஸ்டரி’ என்ற வரி. ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. அவருக்குத் தெரிந்த கதை அந்த ஒரு வரிதான். இரண்டு வருடமாக மறதி கூடிக்கொண்டே வரும் ஒருவருக்கு அங்கே ‘கிடினெஸ்’ (தலைசுற்றல்) என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் காது நரம்பையும் சிறுமூளையையும் உற்றுப் பார்த்திருப்பார். நினைவுக்குரிய பகுதியை அளந்திருக்க மாட்டார். அப்படி நடந்திருந்தால் புது ஸ்கேன் தேவையில்லை. பழைய படங்களையே மறதி என்ற கேள்வியோடு மறுபடி பார்த்துத் தரும்படி உங்கள் டாக்டர் மூலம் கேட்கலாம்.

மூன்றாவதாக, எந்த முறையில் எடுத்தது என்ற குறிப்பு. சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா, கான்ட்ராஸ்ட் என்ற சாய மருந்து போட்டதா, போடாததா என்று அதில் இருக்கும்.

ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. படுத்திருப்பவரைக் கால்மாட்டிலிருந்து பார்ப்பதுபோல் படம் அமைந்திருக்கும். உங்கள் இடது கைப்பக்கம் தெரிவது நோயாளியின் வலது மூளை. மூளையின் வலப்பக்கம் உடம்பின் இடப்பக்கத்தை ஆள்வதால், இடது கை மரத்துப்போனவருக்குப் புதிய புள்ளி மூளையின் வலப்பக்கத்தில், அதாவது படத்தில் உங்கள் இடப்பக்கத்தில் இருந்தால்தான் கதை பொருந்தும். எதிர்ப்பக்கத்தில் இருந்தால் அந்தப் புள்ளி வேறு ஏதோ. கை மரத்துப்போனதற்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

சி.டி. எதைக் காட்டும், எம்.ஆர்.ஐ. எதைக் காட்டும்

சி.டி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரத்தக் கசிவு, எலும்பு முறிவு, பெரிய கட்டி, மூளையின் நீர் அறைகள் வீங்கியிருப்பது ஆகியவற்றைப் பிடிக்க அது போதும். அதில் எல்லாமே அடர்த்திக் கணக்கு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, மூளைத் திசுவுக்கு ஏறத்தாழ 25 முதல் 40, புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தத்துக்கு 50-க்கு மேல். அடர்த்தி கூடக் கூட வெள்ளை. அதனால்தான் புதிய ரத்தம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகிறது.

எம்.ஆர்.ஐ. இருபது முதல் நாற்பது நிமிடம் பிடிக்கும். கதிர்வீச்சு இல்லை. ஒரே தலையைப் பல விதமாகப் படம் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. டி1-ல் மூளையின் வடிவமும் சுருக்கமும் தெரியும், நீர் கறுப்பாக இருக்கும். டி2-ல் நீர் வெள்ளை. ஃப்ளேர் என்பதில் மூளை நீரை மட்டும் கறுப்பாக அடக்கிவிடுவார்கள். அதன் பக்கத்தில் உள்ள சேதம் வெள்ளையாக எழுந்து நிற்கும். டி.டபிள்யூ.ஐ. புதிய பக்கவாதத்துக்கு. எஸ்.டபிள்யூ.ஐ. அல்லது ஜி.ஆர்.ஈ. மைக்ரோபிளீட்ஸ் என்ற பழைய ரத்தத் துளிகளைக் கறுப்புப் புள்ளிகளாகக் காட்டும். ரிப்போர்ட்டின் முறைக் குறிப்பில் இந்தக் கடைசி வகையே இல்லையென்றால், ‘மைக்ரோபிளீட்ஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் இல்லை’ என்று முடிவுகட்ட முடியாது. பார்க்கவே இல்லை என்றுதான் பொருள்.

இந்தச் சொற்கள் இருந்தால் காத்திருக்காதீர்கள்

‘அக்யூட் இன்ஃபார்க்ட்’ (ரத்தக்குழாய் அடைப்பால் வந்த புதிய சேதம்), ‘ரெஸ்ட்ரிக்டெட் டிஃப்யூஷன்’ (பெரும்பாலும் அதே புதிய சேதத்தின் அடையாளம்), ‘ஹெமரேஜ்’ (ரத்தக் கசிவு), ‘சப்ட்யூரல் ஹெமட்டோமா’ (மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் தேங்கிய ரத்தம்), ‘மிட்லைன் ஷிஃப்ட்’ (மூளையின் நடுக்கோடு நகர்ந்திருப்பது), ‘மாஸ் எஃபெக்ட்’ (மூளை அழுத்தப்படுவது), ‘அக்யூட் ஹைட்ரோகெஃபலஸ்’ (நீர் அறைகளின் திடீர் வீக்கம்). இவற்றுக்கு முன்னால் ‘நோ’ அல்லது ‘நோ எவிடன்ஸ் ஆஃப்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவசரத்தில் அந்தச் சின்னச் சொல்லைத் தவறவிட்டு அழுதவர்கள் நிறையப் பேர். ‘நோ’ இல்லையென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டி.டபிள்யூ.ஐ. படத்தில் வெள்ளை, அதே இடம் அதன் துணைப் படமான ஏ.டி.சி.யில் கறுப்பு என்றால் அடைப்பு புதிது, பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து ஒரு வாரம் பத்து நாளுக்குள் வந்தது. இரண்டிலும் வெள்ளை என்றால் அது பழைய சேதத்தின் பிரதிபலிப்பாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் ‘டி2 ஷைன் த்ரூ’ என்று எழுதுவார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. வாய் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறி வந்தவருக்கு முதல் சில மணி நேரத்தில் எடுத்த சி.டி. ‘நார்மல்’ என்றே வரலாம். அடைப்பால் வரும் பக்கவாதம் சி.டி.யில் தெளிவாகத் தெரிய நேரமாகும். அந்த நேரத்தில் சி.டி. எடுப்பதே ரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்யத்தான். அது உறுதியானால், தகுதியுள்ளவர்களுக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். பெரிய குழாய் அடைத்திருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் வழியாக அந்த ரத்தக் கட்டியை எடுக்கிறார்கள். எனவே ‘ஸ்கேன் நார்மல்தானே’ என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. இப்படி ஒருவரைக் கண்டால், ஸ்கேன் சென்டரைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

முதியவர்களில் எளிதாகத் தவறிப்போவது நாட்பட்ட சப்ட்யூரல் கசிவு. வயதாகி மூளை சற்றுச் சுருங்கும்போது அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடுகிறது. அங்கே குறுக்கே ஓடும் மெல்லிய ரத்தநாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. குளியலறைக் கதவில் தலை இடித்துக்கொண்டதே போதும், ஒரு நாளம் கிழிந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். மூன்று வாரம், ஆறு வாரம் கழித்து நடை தள்ளாடும், பகலெல்லாம் தூங்குவார், பேச்சில் தடுமாற்றம் வரும். அதற்குள் தலை இடித்ததை எல்லோரும் மறந்திருப்பார்கள். ‘வயசாச்சு, மறதி வந்துடுச்சு’ என்று விட்டுவிடுகிறார்கள்.

சி.டி.யில் இது மண்டையோட்டின் உட்சுவரை ஒட்டிப் பிறைபோல் படிந்திருக்கும். முதல் சில நாட்கள் வெள்ளை; மூன்று வாரத்துக்குப் பிறகு கறுப்புச் சாம்பல். நடுவில், ஏறத்தாழ ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள், மூளையின் அதே சாம்பல் நிறத்தில் கலந்து மறைந்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நடுக்கோடு எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருப்பதை வைத்துப் பிடித்துவிடலாம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நடுக்கோடு நகராது. மூளையின் மேற்பரப்பு மடிப்புகள் அந்த வயதுக்குப் பொருந்தாமல் நெருக்கியடித்திருப்பது மட்டுமே துப்பு. எண்பது வயதுக்காரரின் படத்தில் இளைஞனின் மூளைபோல மடிப்புகள் இறுகியிருந்தால் ரேடியாலஜிஸ்ட் உஷாராவார். கசிவு பெரிதாக இருந்து அறிகுறியும் இருந்தால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்துவிடுகிறார்கள். மறதி என்று எழுதித் தள்ளப்பட்டவர் நன்றாக எழுந்து நடக்க வாய்ப்புள்ள நோய் இது.

‘அட்ரோஃபி’ என்றால்

மூளையின் பருமன் அறுபதுக்கு மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீதம் வரை குறைவது இயல்பு. ‘ஏஜ் ரிலேட்டட்’, ‘மைல்ட் டிஃப்யூஸ்’ என்ற அடைமொழிகள் இருந்தால், முகத்தில் சுருக்கம் விழுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ‘ப்ராமினென்ட் சல்கை அண்ட் வென்ட்ரிக்கிள்ஸ்’, ‘எக்ஸ் வேக்குவோ டைலட்டேஷன்’ என்பவையும் இதே செய்திதான்: திசு குறைந்த இடத்தை நீர் நிரப்பியிருக்கிறது.

கவனிக்க வேண்டியவை வேறு சொற்கள். ‘டிஸ்ப்ரபோர்ஷனேட்’ என்றால் வயதுக்கு மீறியது. ‘மீடியல் டெம்போரல்’, ‘ஃப்ரண்டல்’, ‘பெரைட்டல்’ என்று ஒரு பகுதியின் பெயர் வந்தால் சுருக்கம் எல்லா இடத்திலும் சமமாக இல்லை என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் கூடுதல் என்றாலும் அப்படியே. இந்தச் சொற்கள் இருந்தால் நியூரோ டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மறதிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ‘எம்.டி.ஏ. ஸ்கோர்’ என்று ஒன்று வரலாம். காதுக்கு உட்பக்கம், நெற்றிப்பொட்டின் ஆழத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ்தான் புதிய நினைவுகளைப் பதியும் இடம். முகத்துக்கு இணையாக வெட்டிய டி1 படத்தில் அதன் உயரத்தையும் அதைச் சுற்றியுள்ள நீர்ப்பிளவுகளின் அகலத்தையும் கண்ணால் மதிப்பிட்டு 0 முதல் 4 வரை மார்க் போடுகிறார்கள். 1992-ல் ஷெல்டன்ஸ் குழுவினர் வகுத்த முறை இது. பொதுவாக 75 வயதுக்குக் கீழ் 2-ம் அதற்கு மேலும், 75-ஐத் தாண்டியவர்களுக்கு 3-ம் அதற்கு மேலும் இருந்தால் இயல்புக்கு மீறியதாக எடுத்துக்கொள்கிறார்கள். வலம் இடம் இரண்டுக்கும் தனித்தனி மார்க். மார்க் கூடினால் அல்சைமர் என்று முடிவாகிவிடாது. மார்க் குறைந்தால் அல்சைமர் இல்லை என்றும் ஆகாது. வீட்டில் நடப்பது, டாக்டர் செய்யும் நினைவுச் சோதனை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் ஒன்று சேர்ந்துதான் முடிவு.

ஸ்கேன் காட்டவே காட்டாத காரணங்கள் பல உண்டு. பி12 குறைவு, தைராய்டு குறைவு, சோடியம் குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை. பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் காலையில் வெறும் வயிற்றில் வாயு மாத்திரையும் சாப்பிடும் சைவ உணவுக்காரருக்குப் பி12 குறைய மூன்று காரணம் சேர்ந்துவிடுகிறது. தூக்க மாத்திரைகளான அல்பிரசோலம், குளோனஸெபாம், சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் தூக்கம் வரும் மாத்திரைகள், சிறுநீர் அடங்க கொடுக்கும் சில மாத்திரைகள் எல்லாம் முதியவரைக் குழப்பும். இரண்டே நாளில் திடீரென்று ஆளே மாறிப்போய்ப் பிதற்றினால் காய்ச்சல், சிறுநீர்க் கிருமி, சோடியம் ஆகியவற்றையும் உடனே பார்க்க வேண்டும். அப்போது ஸ்கேன் சுத்தமாகவும் வரலாம்.

வெள்ளைப் புள்ளிகள்: அதிகம் கேட்க வேண்டிய வரி

‘பெரிவென்ட்ரிகுலர் ஒயிட் மேட்டர் ஹைப்பர் இன்டென்சிட்டீஸ்’, ‘ஸ்மால் வெஸல் டிசீஸ்’, ‘லூக்கோஅரையோசிஸ்’ எல்லாம் ஒரே சங்கதியின் பல பெயர்கள். மூளையின் உட்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் முடியளவு குழாய்கள், ஆண்டுக்கணக்கான பி.பி., சுகர், புகை ஆகியவற்றால் தடித்து இறுகிவிடும். அவை நனைத்து வளர்க்கும் வெள்ளைப் பகுதி மெல்ல வாடும். ஃப்ளேரில் அது வெள்ளையாகத் தெரிகிறது.

எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதற்கு ‘ஃபஸேக்கஸ் கிரேடு’ இருக்கிறதா என்று பாருங்கள். 1987-லிருந்து புழங்கும் அளவுகோல். 0 என்றால் இல்லை. 1 என்றால் ஆழ்பகுதியில் தனித்தனிப் பொட்டுகள், நீர் அறையின் ஓரத்தில் பென்சில் கோடளவு. 2 என்றால் பொட்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன. 3 என்றால் சேர்ந்து பெரிய திட்டுகளாகிவிட்டன. எழுபதைத் தாண்டியவருக்கு 1 என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. 2 என்றால் பி.பி.யைத் திருத்த வேண்டிய வேளை. 3 என்றால் நடை மந்தமாவது, யோசிக்க நேரம் பிடிப்பது, சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். கிரேடு எழுதாமல் ‘எக்ஸ்டென்ஸிவ்’, ‘கான்ஃப்ளூயன்ட்’ என்று இருந்தாலும் உயர்ந்த கிரேடு என்றே கொள்ளுங்கள். ‘ஏஜ் ரிலேட்டட்’ என்ற ஒட்டுச்சொல் முன்னால் இருப்பதால் இந்த வரியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

பி.பி.யைக் குறைத்தால் பலன் உண்டா? அமெரிக்காவில் நடந்த ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வின் எம்.ஆர்.ஐ. முடிவுகள் 2019-ல் வந்தன. மேல் பி.பி.யை 120-க்குக் கீழ் கொண்டுவர முயன்ற குழுவில் நான்கு ஆண்டு வாக்கில் வெள்ளைத் திட்டுகள் 0.92 கன செ.மீ. வளர்ந்தன, 140-க்குக் கீழ் வைத்த குழுவில் 1.45. வேகம் குறைந்தது உண்மை. ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளையும் முன்பே பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் அந்த இரண்டில் ஒன்று. ஆகவே 120 என்ற எண்ணை நாமே துரத்தக் கூடாது. இலக்கை டாக்டர்தான் வைக்க வேண்டும். அவருக்கு வேண்டிய கணக்கை மட்டும் நாம் தயாராகக் கொடுக்கலாம்.

ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். மாத்திரைக்கு முன் காலையில், இரவு படுக்கும் முன், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். வீட்டில் எடுக்கும் அளவில் 135/85-ஐத் தொட்டால் அதிகம் என்று கணக்கு. கூடவே ஒரு நாள், படுத்தபடி அளந்து, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்றதும் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதை எழுதிக் காட்டுங்கள். அப்படிப்பட்டவருக்கு மாத்திரையை அவசரமாகக் கூட்டினால் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்.

‘லக்யூனார் இன்ஃபார்க்ட்’ என்பது 3 முதல் 15 மி.மீ. அளவுள்ள பழைய குழி. சிறு குழாய் ஒன்று முழுக்க அடைத்த தழும்பு. அவருக்கே தெரியாமல் வந்து போயிருக்கும். ராட்டர்டாமில் சராசரி 63 வயதுள்ள 2000 பேரைப் பார்த்ததில் 7.2 சதவீதம் பேருக்கு இப்படித் தெரியாமல் வந்த அடைப்பின் தடம் இருந்தது. அறிகுறி இல்லையென்றாலும் இதை ஓர் எச்சரிக்கையாகவே எடுக்க வேண்டும். பி.பி., சுகர், கொழுப்பு பார்த்து, இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகிறதா என்று ஈ.சி.ஜி. எடுத்து, தேவையானால் கழுத்து ரத்தக்குழாயைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் எடுக்க வேண்டும். ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்காதீர்கள். ‘ப்ராமினென்ட் பெரிவாஸ்குலர் ஸ்பேசஸ்’ என்பதும் சிறு குழிபோலவே தெரியும். அது குழாயைச் சுற்றியுள்ள நீர் இடைவெளி. பெரும்பாலும் 3 மி.மீ.க்கு உள்ளேயே இருக்கும், ஃப்ளேரில் சுற்றிலும் வெள்ளை விளிம்பு கட்டாது.

மைக்ரோபிளீட்ஸ் இருந்தால் எங்கே, எத்தனை என்று கேளுங்கள். மூளையின் ஆழத்தில், தலாமஸ், பான்ஸ் என்ற இடங்களில் இருந்தால் பெரும்பாலும் பி.பி.யின் வேலை. மேற்பரப்பை ஒட்டிய மடல்களில் மட்டும் பல இருந்தால், குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படியும் நோயைச் சந்தேகிப்பார்கள். அதில் பெரிய கசிவு வரும் ஆபத்து கூடுதல். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் இந்த வரியைக் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். பயந்துபோய் மாத்திரையைத் தானே நிறுத்தினால் இதயத்திலிருந்து ரத்தக் கட்டி கிளம்பிவிடலாம்.

நடை, சிறுநீர், மறதி மூன்றும் சேர்ந்தால்

‘வென்ட்ரிகுலோமெகாலி’ (நீர் அறைகள் பெருத்திருப்பது), ‘எவன்ஸ் இன்டெக்ஸ்’ (அதை அளக்கும் எண்) என்று ரிப்போர்ட்டில் இருந்தால், நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபலஸ் என்ற நோயை நினைத்துப் பார்க்க வேண்டும். 1965-ல் ஹாக்கிமும் ஆடம்ஸும் விவரித்தது. நீர் அறைகள் வீங்கும், கால்கள் தரையில் காந்தம்போல் ஒட்டிக்கொள்ளும், அகல வைத்துச் சின்னச் சின்ன அடியாக நடப்பார், சிறுநீர் அடங்காது, யோசனை மந்தமாகும். பெரும்பாலும் நடைதான் முதலில் கெடும்.

எவன்ஸ் கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். ஒரே படத்தில் முன்பக்க நீர் அறைகளின் இரு கொம்புகளுக்கு இடையேயான அதிகபட்ச அகலம், மண்டையோட்டின் உட்பக்க அதிகபட்ச அகலம். முதலாவது 42 மி.மீ., இரண்டாவது 128 மி.மீ. என்றால் 42-ஐ 128-ஆல் வகுக்க 0.33. 0.3-ஐத் தாண்டினால் அறைகள் பெரியவை. ஆனால் வயதால் மூளை சுருங்கியவருக்கும் இந்த எண் தாண்டிவிடும். வேறுபாடு உச்சந்தலையில் இருக்கிறது: வெறும் சுருக்கமானால் அங்கே மடிப்புகள் விரிந்திருக்கும், இந்த நோயானால் உச்சியில் நெருக்கியடித்து, பக்கவாட்டுப் பிளவுகள் மட்டும் அகன்றிருக்கும். முன்னிருந்து வெட்டிய படத்தில் இரு அறைகளுக்கும் நடுவே மேலே உள்ள கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருப்பதும் துணைச் சான்று.

சந்தேகம் வலுத்தால் முதுகில் ஊசி வழியாக 30 முதல் 50 மி.லி. மூளைநீரை எடுத்து நடை தேறுகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு முன், 10 மீட்டர் தூரத்தைக் கடக்க எத்தனை அடி, எத்தனை நொடி என்று செல்ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். எடுத்த பிறகும் அதே இடத்தில், அதே செருப்போடு. தேறியது நிச்சயமானால் மூளைநீரை வடிக்கும் ஷன்ட் என்ற குழாய் வைப்பதைப் பற்றிப் பேசலாம்.

பெரும்பாலும் விட்டுவிடக் கூடியவை

பீனியல், கோராய்டு பிளெக்ஸஸ், பேசல் கேங்க்லியா என்ற மூளையின் உட்பகுதிகளில் சிறிதளவு சுண்ணாம்பு படிவது வயதோடு வருவது. பேசல் கேங்க்லியாவில் மிக அதிகம் என்றால் மட்டும் கால்சியம், பாராதைராய்டு பார்ப்பார்கள். சைனஸில் ‘மியூகோசல் திக்கனிங்’ என்பது சளிச்சவ்வின் தடிப்பு. ‘மெகா சிஸ்டர்னா மேக்னா’, சிறிய ‘அரக்னாய்டு சிஸ்ட்’ என்ற நீர் நிறைந்த இடைவெளிகள் பிறவியிலேயே இருப்பவை.

‘கால்சிஃபைட் கிரானுலோமா’ இந்திய ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி வரும். எப்போதோ வந்து ஆறிய நாடாப்புழு முட்டைத் தொற்றின் அல்லது காசநோயின் தழும்பு அது. வலிப்பு வந்ததில்லை என்றால் அதற்கென்று மருந்து பொதுவாக வேண்டாம். வலிப்பு இருந்தால் நியூரோ டாக்டர் முடிவு செய்வார். சுற்றிலும் ‘எடிமா’ (வீக்கம்) என்று எழுதியிருந்தால் கதை வேறு, காட்ட வேண்டும்.

மெனிஞ்சியோமா, அதாவது மூளையின் உறையில் வளர்வது, ‘கட்டி’ என்பதால் தூக்கத்தைக் கெடுக்கும். முதியவரிடம் தற்செயலாகத் தெரியும் சிறிய மெனிஞ்சியோமா பெரும்பாலும் சாதுவானது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்தில் மறுபடி எடுத்து, வளர்கிறதா என்று பார்ப்பதே வழக்கம். ராட்டர்டாமின் 2000 பேரில் 1.8 சதவீதத்தினருக்கு மூளைக் குழாயில் வீக்கம், அதாவது அனியூரிஸம், தற்செயலாகத் தெரிந்தது. 7 மி.மீ.க்குக் குறைந்தவற்றில் பலவற்றைக் கண்காணித்தே வருகிறார்கள். ஆனால் இதை நாமே ஒதுக்கிவைக்க முடியாது. நியூரோ சர்ஜனிடம் ஒரு முறை காட்டியாக வேண்டும். பி.பி.யையும் புகையையும் விட்டுவைக்கக் கூடாது.

இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை என்றால்

மறதிக்காக என்றால் சீட்டில் ‘டிமென்ஷியா ப்ரோட்டோகால், எம்.டி.ஏ., ஃபஸேக்கஸ், எஸ்.டபிள்யூ.ஐ.’ என்று டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை மாதமாக, எது முதலில் கெட்டது என்று ஒரு வரியும் சேரட்டும்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். பேஸ்மேக்கர், காது உள்வைப்புக் கருவி, மூளையில் போட்ட கிளிப் ஆகியவற்றின் அட்டையை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்குங்கள். லேத் பட்டறையில் அல்லது வெல்டிங்கில் வேலை பார்த்தவர் கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா என்று சொல்ல வேண்டும். பல்செட், காது மெஷின், சர்க்கரை அளக்கும் ஒட்டுப்பட்டை, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டும். அம்மாக்களின் தாலிக்கொடியில் இரண்டு மூன்று ஊக்கு எப்போதும் தொங்கும். தங்கம் காந்தத்தில் இழுபடாது, அந்த ஊக்குகள் பறந்துவிடும். அறை வாசலில் தாலியைக் கழற்றச் சொன்னால் பலர் உடைந்துபோகிறார்கள். முதல் நாளே சொல்லி, மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வந்தால் அந்த வேதனை இல்லை.

கான்ட்ராஸ்ட் போடுவதாக இருந்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சமீபத்திய கிரியேட்டினின் அளவு கையில் இருக்கட்டும். சிறுநீர்கழித்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். கட்டில்போன்ற மேசையில் அசையாமல் படுக்க வேண்டும், கடகடவென்று பெரிய சத்தம் வரும் என்று முன்பே விளக்குங்கள். ரிப்போர்ட்டில் ‘மோஷன் ஆர்ட்டிஃபாக்ட்ஸ்’ என்று வந்தால் தலை அசைந்து படம் கலங்கியிருக்கிறது. சின்னப் புள்ளிகளைப் பற்றிய வரிகளை அந்த அளவுக்கே நம்பலாம்.

டாக்டரிடம் போகும்போது

ரிப்போர்ட்டோடு படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் தட்டும் வாங்கி வாருங்கள். ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். தட்டில் முழுவதும் இருக்கும். பழைய ஸ்கேன் ஏதாவது இருந்தால், அது பத்து வருடத்துக்கு முந்தையது என்றாலும், அதையும் எடுங்கள். இன்றைய படத்தில் உள்ள குழி அன்றைக்கும் இருந்ததென்றால் பேச்சே மாறிவிடும். ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்று ரேடியாலஜிஸ்ட் எழுதியிருப்பது, ஆளைப் பார்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டருக்கு விடும் வேண்டுகோள். பொருத்திப் பார்க்க வேண்டிய தகவல் வீட்டிலிருந்து வர வேண்டும்: எப்போது தொடங்கியது, படிப்படியாகவா திடீரென்றா, எத்தனை முறை விழுந்தார், பணக்கணக்கைப் பார்க்க முடிகிறதா, அடுப்பை அணைக்க மறக்கிறாரா, தினமும் என்னென்ன மாத்திரை. ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டைகளையும் அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

உள்ளே போனதும் கேட்க வேண்டியவை: இந்த ரிப்போர்ட்டில் எந்த வரி இவருடைய தொல்லையை விளக்குகிறது? எது சும்மா கண்ணில் பட்டது? பி.பி. இலக்கு எவ்வளவு? உறையாமலிருக்கும் மருந்தில் மாற்றம் உண்டா? மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா, எடுத்தால் எப்போது, எதைப் பார்க்க? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், வருடா வருடம் எடுக்க வேண்டிய தேவை அநேகமாக இல்லை. கிடைத்த பதில்களை ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே தேதியோடு எழுதி, தட்டையும் அதே உறையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை நள்ளிரவில் அவசரமாக ஓட நேர்ந்தால், வீட்டில் யார் இருந்தாலும் அந்த ஒரு உறையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம்.